அண்ணன் வாங்கிய பிளாஷ்

எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில், யாரும் கட்டாத பட்டுப்புடவைகளுக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் கேமராவின் தலையில் செருகுகிற பிளாஷ் ஒன்று. குளிக்கிற சோப்பைவிடச் சற்றுப் பெரியது. முன்பக்கம் வெளிச்சம் பாயும் கண்ணாடி, அதற்குக் கீழே மிளகளவு ஒரு துளை. பின்பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு. பேட்டரி போட்டுப் பொத்தானைத் தள்ளினால், காதோரம் கொசு பாடுவதுபோல ஒரு ஓசை எழும். ஓசை மெலிந்து அடங்குகிற நேரத்தில் அந்தப் பொட்டு எரியும். எரிந்த பிறகுதான் படம் எடுக்க வேண்டும். அதைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டிய சாத்திரம் இவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் ஒருவர், ஒரே ஒரு தடவை, அந்த ஒரே விதியை மீறினார். டப்பாவில் பிளாஷுக்கு அடியில் ஒரு கறுப்புப் படமும் கிடப்பது அதனால்தான்.

பிளாஷை வாங்கியவர் என் அண்ணன். பந்தலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தார். பறித்து வந்த கொழுந்தை அரைப்பதற்கு முன் நீளத் தொட்டிகளில் பரப்பி வாடவிடுவார்கள். வாடியது போதுமா என்று ஒரு பிடி அள்ளி, இறுக்கி, விரித்து, முகர்ந்து பார்த்துச் சொல்வது அவர் வேலை. தொழிலால் வந்த குணமோ, கூடவே பிறந்ததோ, எதையும் அவசரப்பட்டு முடிவு செய்ய மாட்டார். செருப்பு வாங்கப் போனால்கூட, கடைக்காரர் கடையைச் சாத்தப் போகிறாரோ என்று நமக்குப் பயம் வரும்வரை நிற்பார். எங்கள் அம்மாவும் அப்பாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, இங்கே இன்னொரு தோட்டத்தில் அதே வேலையைச் செய்து, ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறந்த வீடு என்று காட்டிக்கொள்ள எனக்கு அவர் ஒருவர்தான்.

புகுந்த வீடு வெலிங்டனில். கணவருக்கு ராணுவ அலுவலகத்தில் சிவிலியன் உத்தியோகம். மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். தேயிலை விலை விழுந்துகிடந்த அந்த வருஷங்களில் மலையில் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய வீடுகள் குறைவு. பறித்தால் கூலிக்குக்கூடக் கட்டாது என்று செடிகளை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய தேயிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அண்ணனின் தொழிற்சாலையில் முதலில் இரவு ஷிப்ட் நின்றது, பிறகு பகல் ஷிப்டும் நின்றது. சம்பளத்துக்குப் பதிலாகத் தேயிலைத் தூள் கொடுத்தார்கள். ஒரு தடவை அண்ணன் அந்தப் பொட்டலங்களைப் பை நிறையக் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் வைத்தார். என் மாமியார் கோயமுத்தூர்க்காரர், சிரித்துக்கொண்டே ஊசி ஏற்றக்கூடியவர். "ஏனுங்க தம்பி, இந்த ஊர்ல தூளு இல்லாத ஊடு எதுங்க?" என்று கேட்டார். அண்ணனும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்த நிலைமையில்தான் என் மகளுக்குக் காதுகுத்து வந்தது. அப்போது அவளுக்கு மூன்று வயது. காதுகுத்தில் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தோடு அவர் கொண்டுவர வேண்டும், துணிமணி, பழம், இனிப்பு என்று தட்டுத் தட்டாகச் சீர் வர வேண்டும். அம்மா போட்டிருந்த தோட்டை அழித்து, குழந்தைக்கு ஏற்ற மாதிரி சின்னதாகச் செய்துவிட்டார் அண்ணன். அதற்கு மேல் தட்டு நிரப்ப அவரிடம் எதுவும் இல்லை. என் நாத்தனார், கணவரின் அக்கா, "தோட்டக்காரங்க சீரு எந்த அளவுக்கு வரும்னு பாக்கலாம்" என்று அடுக்களையில் சொன்னதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

அவரிடம் ஒரு கேமரா இருந்தது. தோட்டத்தை விட்டுப் போன துரை ஒருவர், தூக்கிச் செல்லப் பிடிக்காத சாமான்களோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனது. வெயிலில் நன்றாக எடுக்கும். ஆனால் காதுகுத்து ஆடி மாதம், வீட்டுக்குள். சாரலும் மூடுபனியுமாகப் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும். "தட்டுச் சீர் நம்மால முடியாது பாப்பா. போட்டோச் சீரா செஞ்சிடுறேன். ஒரு ஆளு விடாம எல்லாரையும் எடுத்து, ஆல்பம் போட்டுக் குடுத்திடுறேன்" என்றார். உள்ளே படம் எடுக்க பிளாஷ் வேண்டும். அதை வாங்கத்தான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் அவரும் குன்னூருக்குப் போனோம்.

பஸ் நிலையத்துக்கு மேலே, படியேறிப் போகிற ஒரு போட்டோ கடை. கடைக்காரர் பொறுமையான மனிதர். அன்றைக்கு அந்தப் பொறுமை அவருக்குத் தேவைப்பட்டது. மூன்று பிளாஷ்களைக் கண்ணாடி மேஜைமேல் எடுத்து வைத்தார். ஒன்று விலை குறைந்தது. ஆள் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று அளந்து, பின்னால் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து, அதற்கேற்றபடி ஒவ்வொரு தடவையும் கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வளையத்தைத் திருப்ப வேண்டும். இன்னொன்று பெரியது. தலையை மேலே சாய்த்தால் வெளிச்சம் கூரையில் பட்டு மெதுவாக இறங்கும், முகம் மெத்தென்று விழும் என்றார். "உங்க ஊட்டு மேல்கூரை என்ன கலருங்க?" என்று என்னிடம் கேட்டார். எங்கள் குவார்ட்டர்ஸில் மரப்பலகைக் கூரை, புகையும் ஈரமும் சேர்ந்து வெல்லப்பாகு நிறத்துக்கு வந்திருந்தது. அண்ணன் பெரியதைக் கையால் ஓரமாக நகர்த்தி வைத்தார். மூன்றாவதுதான் ஆட்டோமேட்டிக். முன்னால் இருக்கும் துளைதான் அதன் கண். ஆளின்மேல் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை அந்தக் கண் பார்த்துக்கொண்டே இருக்கும், போதுமென்று தெரிந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும். வளையத்தை ஒரு தடவை வைத்துவிட்டால் தொடவே வேண்டாம்.

அண்ணன் உடனே நம்பிவிடவில்லை. தன் கறுப்புக் குடையைச் சுவரில் சாய்த்து அதை நோக்கி ஒரு தடவை மின்னவிட்டார். கடைக்காரரின் வெள்ளைத் துண்டை வாங்கி அதை நோக்கி ஒரு தடவை. குடைக்கு வெளிச்சம் அதிகமாகவும் துண்டுக்குக் கொஞ்சமாகவும் வருகிறது என்று அவர் சொன்னார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. என் மகளுக்கோ கொண்டாட்டம். "மின்னல் காட்டு மாமா, மின்னல் காட்டு" என்று இடுப்பிலிருந்து எகிறினாள். கண்ணாடிக்கு எதிரே பிடித்தால் என்ன ஆகும், கும்பலாக நின்றால் பின்வரிசைக்கு எட்டுமா, குளிரில் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று அண்ணன் கேட்டுக்கொண்டே போனார். கடைக்காரர் கடைசியில், "ஏனுங்க, இவ்வளவு வெவரம் தெரியுது, அப்ப வெல கொறஞ்சதையே வாங்கி நீங்களே திருப்பித் திருப்பி எடுத்துக்கலாமுங்களே" என்றார்.

"நான் எடுக்கறதுக்கு அது போதுங்க. காதுகுத்தறப்போ புள்ளைய மடியில வெச்சிக்கிட்டு நான் உக்காந்திருப்பேன். அப்ப வேற யாராச்சும்தான் எடுக்கணும். யாரு அமுக்கினாலும் விழணும்" என்றார் அண்ணன்.

இப்படித்தான் அது வாங்கப்பட்டது. தாய்மாமன் மடியில் குழந்தை இருக்கும் ஒரு படம் ஆல்பத்தில் வர வேண்டும். தட்டில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதை யாரும் ரொம்ப நாள் ஞாபகம் வைத்திருக்கப்போவதில்லை. படம் இருந்துவிட்டால், என் தங்கைக்கு நான் இருந்தேன் என்பது இருந்துவிடும். அவர் இந்த வார்த்தைகளில் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது டப்பாவை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை வைத்துச் சொல்கிறேன்.

காதுகுத்து அன்றைக்கு மழை, மூடுபனி, போதாததற்கு எங்கோ மரம் விழுந்து கரண்டும் இல்லை. கூடத்தில் குத்துவிளக்கு ஏற்றி வைத்திருந்தது. அண்ணன் ஸ்வெட்டருக்குள், மாற்றுப் பேட்டரிகளை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு வந்திருந்தார். இந்தக் குளிரில் பேட்டரி சோம்பிவிடும், உடம்புச் சூட்டில் இருந்தால்தான் எழுந்து வேலை செய்யும் என்றார். வந்ததும் முதல் வேலையாகச் சுவரிலிருந்த சாமி படங்களைச் சற்று நேரம் கழற்றி வைக்கலாமா என்று கேட்டார். கண்ணாடியில் பட்டு வெளிச்சம் திரும்பினால் பிளாஷின் கண் ஏமாந்து சீக்கிரம் மூடிக்கொள்ளும், முகமெல்லாம் இருண்டுவிடும் என்பது அவர் கவலை. மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல காரியம் நடக்கற ஊட்டுல சாமி படத்தைக் கழட்டுவாங்களா தம்பி? உங்க தோட்டத்துல அப்புடியுங்களா?" என்றார். அண்ணன் எல்லோரையும் கொஞ்சம் சாய்வாக, ஜன்னல் பக்கமாக நிற்க வைத்துச் சமாளித்துக்கொண்டார்.

வந்தவர் ஒருவர் விடாமல், என் மகளோடு சேர்த்து நிறுத்தி எடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் கேமராவில் கண்ணை வைத்துச் சரிபார்த்துவிட்டு, பொட்டு எரிகிறதா என்று பார்த்து, தலையை மேலே தூக்கிக் கன்னத்தை உப்பிக் காட்டுவார். என் மகள் கலகலவென்று சிரிப்பாள், உடனே அமுக்குவார். மற்றவர்கள் எப்படி விழுகிறார்கள் என்பதைப் பற்றி அவருக்குப் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

ஆசாரி வந்து ஊசியைத் துடைத்து எடுத்து வைத்தார். எமகண்டம் தொடங்குவதற்குள் குத்திவிட வேண்டும் என்று மாமியார் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கேமராவை என் கணவர் கையில் கொடுத்து, எங்கே பிடிப்பது, எங்கே அமுக்குவது என்று காட்டினார். "பொட்டு எரியாம அமுக்கிடாதீங்க மாப்ள. எரிஞ்சதும் ஒரு கொரல் குடுங்க, நான் புள்ளைய நிமுத்திக்கிறேன்" என்றார். இவரும் சரி என்றார். அந்த நேரம் பார்த்து நாத்தனார், தன் மகன்களோடு ஒரு படம் எடுக்கச் சொன்னார். இப்போது வேண்டாம் என்று சம்பந்தி வீட்டில் சொல்ல முடியுமா? அண்ணன் கேமராவை வாங்கி எடுத்துக் கொடுத்துவிட்டு, அவசரமாக மணையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். பிளாஷ் அப்போதுதான் வெளிச்சத்தைக் கக்கி முடித்திருந்தது. கணவர் கையில் கொசு மறுபடி முதலிலிருந்து பாட ஆரம்பித்தது.

"நேரம் போவுதுங்க ஆசாரி, குத்துங்க" என்றார் மாமியார். அண்ணன் நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். கணவர் பிளாஷின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசாரி ஒரு காதைக் குத்தி, கையோடு மறுகாதையும் குத்தினார். குழந்தை வீரிட்டாள். "அமுக்குடா!" என்று மாமியார் ஒரு சத்தம் போட்டார். என் கணவர் அலுவலகத்தில் அதிகாரி சொன்னதையும் வீட்டில் அம்மா சொன்னதையும் ஏன் என்று கேட்டுப் பழகாதவர். அமுக்கிவிட்டார். க்ளிக் என்று சத்தம் மட்டும் கேட்டது. வெளிச்சம் வரவில்லை. நாங்கள் எல்லோரும் குத்துவிளக்கு வெளிச்சத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம், எல்லாம் முடிந்த பிறகு, பொட்டு நிதானமாக எரிந்தது.

"மச்சான், இன்னொருக்கா உக்காருங்க, எடுத்துப்போடலாம்" என்றார் கணவர், முகம் சிவந்துபோய். உட்காரலாம்தான். குழந்தை ஒப்ப வேண்டுமே. அவளைப் பொறுத்தவரை அந்த மடியில் உட்கார்ந்தபோதுதான் காது எரிந்தது. அண்ணன் கையை நீட்டியதும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "மாமா வேணாம், மாமா வேணாம்" என்று கத்தினாள். நாத்தனார் இழுத்துப் பார்த்தார், மாமியார் அதட்டிப் பார்த்தார். அண்ணன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "விடுங்க. அழுவுற புள்ளையப் போட்டு எதுக்குப் படுத்தணும்?" என்று கேமராவை வாங்கிக்கொண்டார். பிறகு சாப்பாட்டுப் பந்தியைப் படம் எடுக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் அவர் கிளம்புகிற நேரத்துக்குத்தான் அவள் சமாதானமானாள். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தில் கண்ணீர் காயாமல், தூரத்திலிருந்தே "மின்னல்" என்று மட்டும் சொன்னாள். அண்ணன் பையைக் கீழே வைத்து, கேமராவை மறுபடி எடுத்து, பொட்டு எரியும்வரை கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார். அந்தச் சுருளின் கடைசிப் படம் அதுதான்.

படங்கள் கழுவி வந்தபோது எல்லாமே அருமையாக விழுந்திருந்தன. கடைக்காரரே மெச்சினாராம். நடுவில் ஒன்றை மட்டும் பிரிண்ட் போடவில்லை, அதில் ஒன்றும் விழவில்லை என்றிருக்கிறார். பரவாயில்லை, அதையும் போடுங்கள் என்று அண்ணன் கேட்டு வாங்கிவந்தார். முழுக் கறுப்பு. கூர்ந்து பார்த்தால் ஓரத்தில் குத்துவிளக்கின் திரிகள் மட்டும் மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும். அதையும் வரிசை பிசகாமல், ஆசாரி ஊசியோடு நிற்கும் படத்துக்கு அடுத்ததாக ஒட்டித்தான் ஆல்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "மங்களகரமான ஆல்பத்துல கறுப்பா இது எதுக்குங்க?" என்று அவர் கண்ணெதிரிலேயே மாமியார் அதைப் பிய்த்தெடுத்தார். நான் அதை எடுத்து ஒளித்துவைத்தேன். அன்றைக்கு எனக்கு மாமியார்மேல் வந்த ஆத்திரம் இன்றைக்கும் முழுக்க ஆறவில்லை.

ஆல்பம் கோயமுத்தூர், பொள்ளாச்சி என்று உறவுக்காரர் வீடெல்லாம் சுற்றியது. அந்த மழையில் மலையேற முடியாதவர்கள் அதைப் பார்த்துத்தான் காதுகுத்தைத் தெரிந்துகொண்டார்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தரும்போது தவறாமல் ஒரு கேள்வி வரும்: "ஏன் கண்ணு, தாய்மாமன் வரலியா?" வந்தார், அவர்தான் எடுத்தார் என்பேன். "அப்புடியா" என்பார்கள். அந்த "அப்புடியா"வை எவ்வளவோ விதமாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வருஷம் அண்ணன் திருப்பூருக்குப் போய்விட்டார். பனியன் கம்பெனியில் இஸ்திரிப் பிரிவு. மலையில் பாதிப் பேர் அப்போது அங்கேதான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். போகும்போது, அங்கே ஒண்டுக்குடித்தனத்தில் வைக்க இடமில்லை என்று கேமராவையும் பிளாஷையும் என்னிடம் விட்டுச் சென்றார். தேயிலை விலை பின்னால் கொஞ்சம் ஏறியது, இறங்கியது. அவர் திரும்பவில்லை. நெஞ்சுச் சளி முற்றி ஒரு மார்கழியில் போய்விட்டார். மாலை போட ஒரு படம் தேடினோம். எங்கள் வீட்டில் அவர் எடுத்த படங்கள்தான் இருந்தன, அவர் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் கம்பெனி அடையாள அட்டையிலிருந்ததைப் பெரிதாக்கினோம். அதில் யாரோ அதட்டியதுபோல விறைத்துக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் என் பேத்திக்குக் காதுகுத்து. கோயமுத்தூரில் மண்டபம் பிடித்திருந்தார்கள். தாய்மாமனாக என் மகன் உட்கார்ந்தான். ஊசி பட்ட நொடியில் எத்தனை கைபேசிகள் நீண்டன என்று எண்ணவில்லை. குழந்தை வாயைத் திறந்ததிலிருந்து மூடியதுவரை எல்லாம் பதிவாகிவிட்டது. தாய்மாமன் முகம் எல்லாக் கோணத்திலும் இருக்கிறது, அவன் கொட்டாவி விட்டதுகூட. பொட்டு எரிய யாரும் காத்திருக்கவில்லை. காத்திருக்கப் பொட்டே இல்லை.

மகள் தன்னுடைய பழைய காதுகுத்து ஆல்பத்தைக் கொண்டுவந்திருந்தாள். பந்திக்குப் பிறகு அது கைமாறிக்கொண்டிருந்தது. மருமகன் வழிப் பெரியம்மா ஒருவர் புரட்டிவிட்டு, இத்தனை வருஷம் கழித்தும் பிசகாமல் அதையே கேட்டார்: "அன்னிக்கு இவளோட தாய்மாமன் வரலீங்களா?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், நாற்காலியில் அரைத்தூக்கத்தில் இருந்த என் மாமியார் கையை நீட்டி ஆல்பத்தை வாங்கினார். அவருக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது, பார்வை மங்கல். ஆனாலும் பக்கங்களைத் தடவித் தடவித் திருப்பினார். "புள்ள மொகத்தப் பாரு. எல்லாரும் கேமராவப் பாத்து நிக்கறாங்க. இவ மட்டும் அதுக்கு மேல பாத்துச் சிரிக்கறா. இதுல பாரு. இதுலயும் பாரு. அங்க நிக்கறது யாருன்னு நெனச்ச? அவளோட மாமன்தான்" என்றார். கடைசிப் பக்கத்துக்கு வந்து, வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு சிரிக்கிற குழந்தையின்மேல் விரலை வைத்தார். "வரலியான்னு கேக்கறா" என்று முணுமுணுத்துவிட்டு ஆல்பத்தை மூடினார்.

அந்தப் படங்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவள் எங்கே பார்க்கிறாள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. மண்டபத்தில் சாமான் எடுத்து வைக்கிற சாக்கில் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

வெலிங்டனுக்குத் திரும்பிய மறுநாள் காலையில், கணவர் தானாகவே பீரோவைத் திறந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தார். அந்தப் படத்தைப் பற்றி இத்தனை வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. சுவர்க்கடிகாரத்துக்கு என்று வாங்கி வைத்திருந்த பேட்டரிகளைப் பிளாஷில் போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, பொத்தானைத் தள்ளினார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எங்கோ தொலைவில் இருப்பதுபோல அந்தக் கொசு பாட ஆரம்பித்தது. வேலை செய்யாது என்று நினைத்து நான் அடுக்களைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோதும் அவர் அதே இடத்தில், விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓசை மெலிந்தது. பொட்டு எரிந்தது.

"எரிஞ்சிருச்சுங்க மச்சான்" என்றார்.